கதவுக்குக் கீழே ஒரு சாண்: பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே டபுள் கேப் பிக்கப் வாங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

தேனிப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வண்டிகளின் அடிவயிறு தெரியும். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் பாதையில் ஏறிய வண்டி திங்கட்கிழமை காலை யாராவது ஒருவரின் பட்டறை வாசலில் நிற்கும். அடி எங்கே என்று கேட்கவே வேண்டாம். பம்பரில் கீறல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு ஓடுகிறதே ஒரு தகரப் பெட்டி, அதில்தான் பள்ளம் விழுந்திருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதை ராக்கர் பேனல் என்பார்கள், சிலர் சில் பேனல் என்பார்கள்.

பானட் நசுங்கினால் மாற்றிவிடலாம், நான்கு போல்ட். கதவு நசுங்கினால் உள் அட்டையைக் கழற்றிப் பின்னாலிருந்து தட்டி எடுத்துவிடலாம். இந்தப் பெட்டிக்குப் பின்பக்கமே கிடையாது. வெளித்தகடு, நடுவில் ஒரு தாங்குத்தகடு, உள்தகடு என்று வரிசையாக ஸ்பாட் வெல்டிங் போட்டு மூடிய கூடு அது. வெளித்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். சுத்தியலை உள்ளே விட வழியில்லை. வெளியிலிருந்து ஆணி பற்றவைத்து இழுக்க வேண்டும், அல்லது ஸ்பாட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து வெளித்தகட்டையே அறுத்தெடுத்துப் புதிது வைக்க வேண்டும். இரண்டுமே பொறுமை கேட்கும் வேலை. பொறுமையில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்றால், பள்ளத்தில் பட்டியைத் தடவி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வெளியே கண்ணாடி மாதிரி மின்னும். உள்ளே தகடு மடங்கிய இடத்தில் கம்பெனி பூச்சு உதிர்ந்து, வெறும் இரும்பு ஈரக்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். அடி பலமாக இருந்தால் கதவு இடைவெளியும் மாறும். சாத்தும்போது ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துச் சாத்த வேண்டியிருந்தால், அடி அந்தக் கூட்டைத் தாண்டித் தூண் வரை போயிருக்கிறது என்று பொருள்.

இந்த அடி ஏன் பிக்கப்புக்கு மட்டும் இவ்வளவு விழுகிறது? நீளம்தான் காரணம். மூன்று கதவு மகிந்திரா தாரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2450 மி.மீ. ஐந்து கதவு ஜிம்னிக்கு 2590. டொயோட்டா ஹைலக்ஸுக்கு 3085. இசுஸு வி-கிராஸும் மூன்று மீட்டருக்கு மேல்தான். தாருக்கும் ஹைலக்ஸுக்கும் நடுவயிறு தரையிலிருந்து ஒரே 220 மி.மீ. உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்டின் முகட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டாமல் இருக்க, தார் சுமார் 20 டிகிரி முகட்டைத் தாங்கும். ஹைலக்ஸ் சுமார் 16 டிகிரியோடு நின்றுவிடும். "அப்படியானால் இரண்டு அங்குலம் தூக்கிவிடலாமே" என்பீர்கள். தூக்கிய பிறகும் கணக்கு 20-ஐத் தொடுவதில்லை. ஐம்பது மில்லிமீட்டர் தூக்கச் செலவு செய்து, ஸ்பிரிங் மாற்றி, அலைன்மென்டைக் கெடுத்து, வளைவில் வண்டியைச் சாயவிட்டு வாங்கியது, தூக்காத தாரின் கோணத்துக்கும் ஒரு மயிரிழை கீழே. விளம்பரத்தாளில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று போடும் எண்ணை மட்டும் பார்த்து வண்டி வாங்கியவர்கள் யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

வளைவில் இன்னொரு கூத்து. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. மூன்று மீட்டர் அச்சு இடைவெளிக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரம் பாறையைத் தாண்டிவிட்டது, இனிக் கவலையில்லை என்று ஓட்டுநர் மூச்சுவிடும் நேரத்தில்தான் பின்கதவின் அடிமூலை அதே பாறையில் உட்காரும். என் பட்டறைக்கு வரும் அடிகளில் பின்கதவுக்குக் கீழ்ப்பாகம் அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். லாரி ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கம். காரிலிருந்து நேராகப் பிக்கப்புக்கு வந்தவர்களுக்கு மலைதான் சொல்லிக்கொடுக்கிறது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போயிருப்பீர்கள். எஸ்டேட் நம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளப் பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. அந்தப் பாதையில் பழைய மகிந்திரா ஜீப்புகள் விடிவதற்கு முன்பே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் குலுங்கிப் போகும். அந்த ஓட்டுநர்களில் யாராவது கதவடிப் பள்ளத்துக்காகப் புலம்பி நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அந்த வண்டிக்கு அடிபடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. தொட்டி போன்ற பாடி, கதவு என்று சொல்ல ஒரு கேன்வாஸ் அல்லது அதுவும் இல்லை, பக்கத்தகடு சேஸிஸ் மட்டத்தோடு முடிந்துவிடும். ஏறுவதற்கு ஒரு இரும்புப் பலகை வைத்திருப்பார்கள். பாறையில் பட்டு மடங்கினால் ஓரமாக நிறுத்திச் சுத்தியலால் நிமிர்த்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். உங்கள் வண்டி காற்றைக் கிழித்துப் போக வேண்டும், சத்தம் உள்ளே வரக்கூடாது, ஏர்பேக் வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகப் பாடி சேஸிஸை மூடிக்கொண்டு கீழே இறங்கி வந்திருக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் உங்களைக் காப்பதில் அந்தக் கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் அதைப் பட்டியால் பூசி மறைப்பது எனக்குப் பொறுக்காத காரியம்.

அடுத்து, வண்டியோடு வாங்கி மாட்டிக்கொள்கிறீர்களே, அந்தப் பக்கவாட்டு ஃபுட் ஸ்டெப். பெரியவர்கள் ஏற, குழந்தைகள் ஏற, புடவை கட்டியவர்கள் ஏற அது மிக நல்ல பொருள். அதைக் காப்பு என்று நினைத்தால்தான் வினை. பெரும்பாலான ஸ்டெப்புகள் மெல்லிய அலுமினியம் அல்லது மெல்லிய ஸ்டீல் குழாய். அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புகள் பாடியின் அடித்தகட்டில், அந்த ராக்கர் பெட்டியிலேயே, சின்ன போல்ட்டுகளில் தொங்குகின்றன. அதன் மேல் ஒரு ஆள் நிற்கலாம். இரண்டு டன் பக்கம் எடையுள்ள வண்டி ஒரு பாறையின் மேல் அதை வைத்து உட்கார்ந்தால் கிளாம்பு மடங்கி ஸ்டெப் மேலே சுழலும். மேலே என்ன இருக்கிறது? ராக்கரும் கதவின் கீழ்விளிம்பும். ஸ்டெப் இல்லாதிருந்தால் ஒரு சின்னப் பள்ளத்தோடு போயிருக்கும் அடி, ஸ்டெப் இருந்ததால் நீளமான மடிப்பாகி, கதவு திறக்காமல் போய், கிளாம்பு இருந்த இடத்தில் தகடும் கிழிந்து வந்து நிற்கும். போதாக்குறைக்கு ஸ்டெப் வண்டியின் உயரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. ஸ்டெப் இல்லாத வண்டி தட்டாமல் தாண்டிப் போயிருக்கும் கல்லும் அதனால் தட்டுகிறது. கல்பாதைக்குப் போகும் முன் அதைக் கழற்றிவைத்துவிட்டுப் போவது செலவில்லாத காப்பு.

உண்மையான காப்புக்குப் பெயர் ராக் ஸ்லைடர், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் கனமான இரும்புக் குழாய். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்று ஒரு கல்பாதை இருக்கிறது, 35 கிலோமீட்டர் பக்கம். 1953 முதல் ஜீப்காரர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி ஏறுகிறார்கள். அந்தப் பாதையின் பெயரையே வைத்து ஜீப் நிறுவனம் 2003 மாடலாக ஒரு ராங்ளரைக் கொண்டுவந்தபோது கதவடிக்குக் காப்புத்தகட்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. கல்லில் ஏறும் வண்டிக்கு இந்த இடம் அடிபடும் என்பதை வண்டி செய்பவர்களே ஒப்புக்கொண்டது என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் விற்கும் பிக்கப்புகளுக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும். செய்பவர்களும் இப்போது கோவை, சென்னை, பெங்களூர் என்று இருக்கிறார்கள். உள்ளூர் வெல்டரும் செய்துவிடுவார். என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் விதி, பாரம் பாடிக்குப் போகக்கூடாது, சேஸிஸுக்குத்தான் போக வேண்டும். ஸ்லைடரின் கால்கள் சேஸிஸ் சட்டத்தில் பிடிக்க வேண்டும். பாடியில் ஒரு போல்ட்கூட இருக்கக்கூடாது. பிக்கப்பின் பாடி ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் சேஸிஸ் ஒரு பக்கம் முறுக்கும்போது பாடி தனியாக அசையும். ஸ்லைடர் சேஸிஸோடு போகும், பாடி அதன் போக்கில் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி விடாவிட்டால், பாறையே இல்லாத இடத்தில் உங்கள் காப்பே உங்கள் ராக்கரைத் தட்டிக்கொண்டிருக்கும். ஸ்லைடரை அழகுக்காகப் பாடியோடு ஒட்டிவைக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டபடி செய்துகொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது குழாய். ஸ்டெயின்லெஸ் பளபளப்பில் மயங்க வேண்டாம். கைப்பிடிச் சுவருக்கு வாங்கும் அந்த மெல்லிய குழாய் பாறையில் ஒரே அடியில் சப்பையாகிவிடும். பைப் கடையில் நம் நாட்டு இரும்புக் குழாய்களுக்கு வண்ணப் பட்டை போட்டிருப்பார்கள்: மஞ்சள் என்றால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. 40 மி.மீ. குழாயில் சிவப்புப் பட்டை கேளுங்கள். வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர்க் கனம் 4 மி.மீ., மீட்டருக்கு நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கறுப்புக் குழாயாக வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயைப் பற்றவைத்தால் வெல்டருக்கு அன்று ராத்திரி காய்ச்சல் வரும், அந்தப் புகை அப்படிப்பட்டது. அவரும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைதானே. தண்ணீருக்காகச் செய்த குழாய் இது, கல்லுக்கென்று செய்த சீம்லெஸ் குழாய் இதைவிட மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் காசு இருந்தால் சீம்லெஸ். இல்லாவிட்டால் சிவப்புப் பட்டை. அதற்குக் கீழே போனால் செய்யாமலே இருந்துவிடலாம்.

டபுள் கேபின் நீளத்துக்குப் பக்கத்துக்கு மூன்று கால்களாவது வேண்டும், நான்கு என்றால் நிம்மதி. சேஸிஸிலிருந்து ராக்கரின் வெளிவிளிம்பு ஒரு அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்த நுனியில் விழும் பாரம் காலைப் பிடித்து முறுக்கும். மேலேயிருந்து இறங்கி விழும் பாரம் சும்மா உட்காரும் பாரத்தைப்போல் இரண்டு மடங்காவது வேலை செய்யும் என்பது எந்த மெக்கானிகல் மாணவரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே காலின் அடியில் முக்கோணத் தாங்கு வைக்கச் சொல்லுங்கள். சேஸிஸில் பிடிக்கும் இடத்தில் இருபுறமும் தகடு வைத்து போல்ட்டில் இறுக்குவதே என் கட்சி. நேராகச் சேஸிஸில் பற்றவைத்துவிடலாம் என்று சொல்கிற வெல்டர் உங்கள் நேரத்தையும் தன் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறார், உங்கள் சேஸிஸை மிச்சப்படுத்தவில்லை. சூடுபட்ட விளிம்பிலிருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும், வாரன்டியும் அன்றோடு போகும். சேஸிஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் புதிதாக ஓட்டை போட விடாதீர்கள். டீசல் குழாயும் பிரேக் குழாயும் ஒயரிங்கும் சேஸிஸின் ஓரமாகத்தான் ஓடுகின்றன. தகடு அவற்றைக் கடிக்காமல் இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடாகும். அதன் பக்கத்தில் காலோ ரப்பரோ வரக்கூடாது. இந்தச் சூட்டைச் சொன்னதால் இன்னொன்று: காய்ந்த போதைப்புல் மண்டிய இடத்தில் வண்டியை ஓடவிட்டபடி நிறுத்தாதீர்கள்.

ஸ்லைடரின் வெளிக்குழாய் தரைக்குச் சமமாக இல்லாமல், வெளிப்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. மரத்தின் மேலோ பாறைச் சுவரின் மேலோ சாயும் வண்டியை அந்தச் சாய்வு வெளியே தள்ளிவிடும், கதவு தப்பிக்கும். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் குழாய் வெளியே கொஞ்சம் பிதுங்கியிருந்தால், நான் முன்பு சொன்ன அந்த உள்வெட்டில் பாறை குழாயில் பட்டு வண்டியைச் சறுக்கவிடும். பெயரே ஸ்லைடர், அதன் வேலை சறுக்குவது. அதன் மேல் ஏறி நிற்கப் புள்ளித்தகடு வேண்டுமென்றால் மேல்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. வண்டி சமதரையில், கியரில், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிற்கட்டும். ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கத்தின் இரண்டு சக்கரமும் தரையைவிட்டு எழும்வரை தூக்கச் சொல்லுங்கள். யாரும் அடியில் போகக்கூடாது. குழாய் வளையாமல், பாடிக்கும் குழாய்க்கும் நடுவே விட்ட இடைவெளி மூடாமல் இருந்தால் பணத்தை எண்ணிக் கொடுங்கள். செய்தவர் "அதெல்லாம் வேண்டாம் சார், கேரண்டி" என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. முன்பம்பரில் மாட்டும் புல் பார்களை அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எனவே ஸ்லைடர் வண்டியின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது, கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். போடும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். போட்டி, வேகச் சோதனை போன்றவற்றில் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரணப் பாலிசி பணம் தராது என்பதையும் பாலிசித் தாளில் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பாறையைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் என் பட்டறைக்கு வரும் ராக்கர்களில் பாறை கொன்றதைவிடச் சேறு கொன்றது அதிகம். பாறை அடித்தால் அன்றைக்கே தெரியும். சேறு மூன்று நான்கு மழைக்காலம் பொறுத்திருந்து தெரியப்படுத்தும்.

அந்தக் கூட்டின் அடியில், விளிம்போடு விளிம்பாக, சிறு சிறு வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. உள்ளே போகும் நீர் வெளியே வர வண்டி செய்தவர்கள் விட்டவை. சேற்றில் ஓட்டிய வண்டியின் ஓட்டைகளில் மண் புகுந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் கதவுவழி, வயர்வழி உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். கம்பெனியில் பாடியை முழுதாகத் தொட்டியில் முக்கி எடுத்துப் பூச்சு போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பாறைத் தட்டலில் மடிந்த இடத்திலும், ஸ்டெப் மாட்ட ஓட்டை போட்ட இடத்திலும், தப்பான இடத்தில் ஜாக்கி வைத்துத் தகடு மடங்கிய இடத்திலும் அந்தப் பூச்சு இல்லை. துரு அங்கே பிள்ளையார் சுழி போடும். வெளியே பெயின்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். பிக்கப்புக்குப் பஞ்சர் போடும்போது ஜாக்கி வைக்க வேண்டிய இடங்கள் அச்சிலோ சேஸிஸிலோ எங்கே என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. ராக்கரின் விளிம்பில் வைக்கும் பஞ்சர்க் கடைத் தம்பியைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள்.

கடற்கரை மணலில் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அரிச்சல்முனைக்கு 2017-ல் தார்ச்சாலை திறக்கும்வரை தனுஷ்கோடிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போன வேன்கள் கடல்நீரிலும் ஈர மணலிலும்தான் போய்வந்தன. அந்த வண்டிகளை அருகில் பார்த்தவர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை. உப்பு நீரில் இறங்கிய வண்டியை அன்று மாலைக்குள் நல்ல தண்ணீரால் அடியோடு கழுவ வேண்டும். மறுநாள் என்பது தாமதம்.

கழுவுவது என்றதும் வாட்டர் சர்வீஸ் கடை ஞாபகம் வரும். அங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று: கழுவி முடித்ததும் அடியில் டீசல் அடித்துவிடுவார்கள். பார்க்கக் கறுகறுவென்று புதுசாக இருக்கும். டீசல் ரப்பருக்கு ஆகாது. புஷ்ஷும் பாடி மவுண்டும் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். ஈரப்பிசுக்கில் அடுத்த தூசியும் வந்து ஒட்டும். அந்தக் காசை டீசலுக்குக் கொடுக்காமல், கழுவும் பையனிடம் ராக்கரின் அடிவிளிம்பிலும் வீல் ஆர்ச்சின் மடிப்பிலும் குழாயைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். மேல்பாகத்துக்கு நுரை எவ்வளவு போட்டால் என்ன?

அண்டர்பாடி கோட்டிங் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். நல்லதுதான், ஒழுங்காக அடித்தால். நன்கு கழுவி, முழுதாகக் காயவைத்து, துருவைச் சுரண்டி, வடிகால் ஓட்டைகளை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும். அவசரத்தில் ஈரத்தின் மேல் அடித்தால் அந்த ரப்பர்ப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், துருவும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வசதியாக வளரும். ஓட்டைகளை மறைக்காமல் அடித்தால் சேறு செய்யும் வேலையைப் பூச்சே முதல் நாளில் செய்து முடித்துவிடும். காசு கொடுத்து அடைத்துக்கொண்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கூட்டுக்கு உள்ளே போக வேண்டியது வேறு, மெழுகு போன்ற ஒரு திரவம், கேவிட்டி வாக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். நீண்ட மெல்லிய குழாய்வழியாக ராக்கரின் உள்ளே பீய்ச்சினால் தகட்டு மடிப்புகளுக்குள் ஊர்ந்துபோய் உட்காரும். வெளியே யாருக்கும் தெரியாது, புகைப்படத்தில் வராது. அதனால்தானோ என்னவோ யாரும் கேட்பதில்லை.

ராக்கருக்கு மூன்றாவது எதிரி உங்கள் முன் டயர். அது எறியும் சரளை ராக்கரின் முன்மூலையையும் பின் வீல் ஆர்ச்சின் முன்விளிம்பையும் நாள் முழுதும் கொத்திக்கொண்டே இருக்கிறது. கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு வெளியே துருத்தும் அகல டயரும் ஆஃப்செட் வீலும் போட்டவர்களுக்கு இரட்டிப்பு. மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயரின் கல்லைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லையே. நல்ல கனமான ரப்பர் மட் ஃபிளாப் இதற்குப் பாதி மருந்து. விலை அற்பம். பாறை ஏறும்போது டயருக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிப் பிய்ந்துபோகிறது என்று கழற்றி எறிந்தவர்கள், இறங்கி வந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். சரளைச் சாலையில் தினமும் போகிற எஸ்டேட்காரர்கள், ராக்கரின் அடிப்பாகத்துக்கு மட்டும் பிக்கப்பின் தொட்டிக்குள் அடிக்கும் அந்தச் சொரசொரப்பான பெட் லைனர் கோட்டிங்கை அடித்துக்கொள்ளலாம். கல் பட்டால் பெயின்ட் தெறிக்காது. பாறையில் உட்கார்ந்தால் அது காப்பாற்றும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரும்பையும் ரப்பரையும் விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் பேசுவோம். பழைய லாரிகளில் கிளீனர் என்று ஒருவர் இருப்பார். சந்துக்குள் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் இறங்கிப் பின்னால் நின்று, "வரலாம், வரலாம்… லெஃப்ட்ல ஒடி… ஒடி… நேர் பண்ணு… ஹோல்டு!" என்று பாடி மேல் தட்டிச் சொல்வார். ஓட்டுநர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த நேரத்தில் கிளீனர் சொல்தான் சட்டம். மலைப்பாதையில் உங்களுக்கு வேண்டியது அதே ஆள். இருக்கையில் உட்கார்ந்தவருக்கு ராக்கர் தெரியாது, பின்சக்கரம் எங்கே வருகிறது என்றும் தெரியாது. ஒருவர் இறங்கி முன்னால் நிற்க வேண்டும். ஒரே ஒருவர். நான்கு பேர் நான்கு பக்கம் கை காட்டினால் வண்டி ஐந்தாவது பக்கம் போகும். கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, அவர் கையை மட்டும் பாருங்கள். வண்டியின் தாழ்வான பக்கத்தில் அவர் நிற்கக்கூடாது. சறுக்கினால் அந்தப் பக்கம்தான் சறுக்கும்.

கல்லைக் கண்டால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுத் தாண்டிவிடலாம் என்று மனம் சொல்லும். பெரும்பாலும் அது தப்பு. சக்கரத்தை அதன் மேல் ஏற்றுங்கள். கல்லின் உயரத்துக்கு வண்டி எழும்பினால் ராக்கரும் கூடவே எழும்பும். ஃபோர் லோ, முதல் கியர், நடைவேகத்துக்கும் கீழே. இறங்கும்போது பிரேக்கைக் கடைசிவரை பிடித்துச் சக்கரத்தைத் தரையில் வையுங்கள், போட்டுவிடாதீர்கள். ராக்கர் நசுங்குவது பாதிக்கு மேல் ஏறும்போது இல்லை, கல்லிலிருந்து சக்கரம் தொப்பென்று விழும் அந்தக் கணத்தில்தான். வேகமாக அடித்து ஏற்றிய வீடியோக்களை எனக்கும் அனுப்புகிறீர்கள். வீடியோ முடிந்த பிறகு நடப்பது எங்கள் வாசலில்.

காப்பு போட்ட தைரியத்தில் காட்டுக்குள் புதுப்பாதை போடக் கிளம்புபவர்களுக்கு என்னிடம் அனுதாபம் கிடையாது. சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம், ஓடையின் நடுவே ஏற்றி இறக்குவது அடாவடி. எஸ்டேட் பாதை, பஞ்சாயத்து மண்பாதை, சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிய தோட்டம் என்று ஓட்ட இடம் ஏராளம்.

செலவுக்கு வரிசை கேட்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் வடிகால் ஓட்டையும் கழுவலும், பிறகு மட் ஃபிளாப், பிறகு உள்ளே மெழுகு. அதன் பின்னும் கல்பாதைக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் மட்டும் ஸ்லைடர். மாதம் ஒரு முறை மண்பாதையில் தோட்டத்துக்குப் போய்வருகிறவருக்கு அது வேண்டாத எடை. எல்.இ.டி. லைட் பார் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். ஒரு மெல்லிய கம்பியோ பழைய பல்துலக்கியோ எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, இரண்டு பக்க ராக்கரின் அடியிலும் இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். மண் உதிர்ந்தால் நல்லது. செம்பழுப்பாகத் தண்ணீர் சொட்டினால் பெயின்ட் கொப்புளிக்கும்வரை காத்திருக்காமல், எந்தப் பட்டறையானாலும் சரி, அந்த வாரமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
தேனிப் பக்கத்து டிங்கரிங் பட்டறைக்காரன்